ஒன்று எங்கே விழுகிறது

காவலாளி சொன்னதாக அங்கம்மா சொன்னார். காவலாளிக்கு யார் சொன்னார்கள் என்று அங்கம்மாவுக்குத் தெரியாது. தெப்ராவில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியின் கேண்டீனில் அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கல்லூரியின் மூன்று மாடிச் செய்தியும் தே தாரிக் டீ கலக்கும் மேசைக்கு இறங்கி வந்துவிட்டிருந்தது.

"மூணாவது மாடியில ஒரு மிஸ்ஸு இருக்காங்களாம் மிஸ். கெர்ட்ரூட்டுன்னு பேரு. சங்கீத ரசனைன்னு ஒரு கிளாஸாம். பிள்ளைங்க எல்லாம் போனக் கையில வெச்சிக்கிட்டு டக்கு டக்குன்னு தட்டுதுங்களாம். தட்டுனா மார்க்காம்!"

நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த பெண், "அப்படியா?" என்றாள்.

"அட ஆமாங்கறேன். இதுல பெரிய கூத்து என்னன்னா, அந்த மிஸ்ஸுக்கே ஒரு வரி பாட வராதாம். ஆபீஸ் காதுக்குப் போயிருச்சு. அடுத்த செமஸ்டரு மூடப் போறாங்களாம். நீங்க எந்தப் பக்கம் மிஸ்?"

"மல்டிமீடியா," என்றாள் கெர்ட்ரூட். அது பொய்யில்லை. படியேறும்போதுதான் காரச் சம்பல் இல்லாமல் பொட்டலத்தை வாங்கிவந்தது தெரிந்தது. திரும்பிப் போய்க் கேட்க மனம் வரவில்லை.

வதந்தி என்றால் பாதியாவது தப்பாக இருக்க வேண்டும். இதில் எல்லாமே சரியாக இருந்ததுதான் அவளுக்குக் கலக்கமாக இருந்தது. பிள்ளைகள் தட்டுகிறார்கள், தட்டினால் மதிப்பெண் உண்டு, அவளுக்குப் பாட வராது. அப்படியென்றால் நான்காவது சேதியும் நிஜமாக இருக்குமோ?

நிஜமாகத்தான் இருந்தது. துறைத் தலைவர் ஹேமநாதன் கணிதக்காரர். எந்தக் கெட்ட செய்தியையும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்ன பிறகுதான் சொல்லுவார்.

"உக்காருங்க கெர்ட்ரூட். எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு. ஆனா மேல இருக்கவங்களுக்கு நம்பிக்கை பத்தாது லா, நம்பர் வேணும். வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு நாங்க மூணு பேர் வந்து கிளாஸ்ல உக்காருவோம். பசங்க கத்துக்கிறாங்களா, விளையாடுறாங்களா? அது ஒண்ணுதான் கேள்வி."

"விளையாடுறாங்கன்னு முடிவு பண்ணிட்டா?"

"லேப்ப இ-ஸ்போர்ட்ஸ் கோர்ஸுக்குக் கொடுத்துருவாங்க."

விளையாடுகிறார்கள் என்று வகுப்பை மூடிவிட்டு, அதே அறையை விளையாட்டுக்குக் கொடுப்பார்களாம். வேறொரு நாளாக இருந்தால் கெர்ட்ரூட் சிரித்திருப்பாள்.

அந்த வகுப்பு அவளிடம் வந்ததே ஒரு விபத்து. அவள் பெக்கோக்கில் பிறந்தவள். அப்பா தோட்டத்து மருந்தகத்தில் உதவியாளர். தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம், பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி. எந்த மொழியில் யோசிக்கிறாய் என்று யாராவது கேட்டால், எந்த மொழியில் பயப்படுகிறேன் என்று வேண்டுமானால் சொல்கிறேன், தமிழில்தான் என்பாள். சிங்கப்பூரில் ஐந்து வருடம், சின்னக் குழந்தைகள் எண்கள் கற்கும் கணினி விளையாட்டுகள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். ஆட்டுக்குட்டியைத் தட்டினால் அது 'மே' என்று கத்தி வேலியைத் தாண்டும். அந்த 'மே' அவளுடைய குரல்தான். அவளது குரலை நம்பி ஒலிப்பதிவு செய்தவர்கள் உலகத்திலேயே அவர்கள் மட்டும்தான்.

மாதா கோயிலில் நம்பவில்லை. பதினாறு வயதில் பாடகர் குழுவில் சேரப் போனவளை, குழுத் தலைவர் இரண்டு ஞாயிறு பொறுத்துப் பார்த்துவிட்டு, "உன் கை நல்ல வேகம்மா, நீ ஸ்லைடு போடு," என்று சொல்லி, பாடல் வரிகளைச் சுவரில் காட்டும் கருவி பக்கம் அனுப்பிவிட்டார். தெப்ராவுக்கு வந்த பிறகும் தமிழ்ப் பூசையில் அவள்தான் ஸ்லைடு. பாடகர் வாயைத் திறக்கும் அந்த நொடியில் முதல் சொல் சுவரில் இருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு சொல்கூடத் தாமதமாக வந்ததில்லை.

போன செமஸ்டர் முடியும் சமயம், செவ்வியல் இசை ரசனை எடுத்துக்கொண்டிருந்த விரிவுரையாளர் கல்யாணமாகி மெல்பர்ன் போய்விட்டார். ஹேமநாதன் அவளைக் கூப்பிட்டார். "கல்லூரியிலேயே நல்ல ஸ்பீக்கர் உங்க லேப்லதான் இருக்கு," என்றார். அவ்வளவுதான் காரணம்.

பயந்துகொண்டேதான் ஒப்புக்கொண்டாள். பாடத் தெரியாதவள் கரும்பலகையில் எழுதி என்ன சொல்லித்தர முடியும்? தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். குளுவாங்கில் இருக்கும் ஷாமளா டீச்சர் வீட்டுக்கு நான்கு மைக்கோடு போய், ஆதி தாளத்தில் ஒரு கீர்த்தனையைப் பதிவு செய்தாள். பாட்டு, வயலின், மிருதங்கம், தம்பூரா என்று நான்கும் தனித்தனியாக. திரையில் நான்கு நிறக் கோடுகள் ஓடும். எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம். மாணவர்கள் தங்கள் போனை அதோடு இணைத்துக்கொள்வார்கள். பாட்டு ஓட ஓட, எட்டு எண்ணிக்கை முடிந்து தாளம் மறுபடி ஒன்றுக்கு வரும் இடத்தில் தட்ட வேண்டும். சரியென்றால் திரையில் பச்சைப் பொட்டு, தப்பென்றால் சிவப்பு.

இதைச் செய்ய இரண்டு மாதம் பிடித்தது. முதலில் வேலையாகத்தான் இருந்தது. ஒரு நாள் தெப்ராவ் நெடுஞ்சாலை நெரிசலில் வானொலியை அணைத்துவிட்டுத் தம்பூராவை மட்டும் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதைக் கவனித்தாள். முன்னால் இருந்த லாரி நகர்ந்ததுகூடத் தெரியவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துத்தான் சொன்னார்கள். பாடத் தெரியாதவர்களுக்கும் இதற்குள் ஒரு வாசல் இருக்கிறது என்று அவள் கண்டுகொண்ட இடம் அது. அந்த வாசலைத்தான் இப்போது மூடப் பார்க்கிறார்கள்.

ஆனால் அவளிடம் நம்பர் இருந்தது. இந்த செமஸ்டர் வகுப்பில் இருபத்து மூன்று பேர். முதல் வாரம் பச்சை விழுந்தது நூற்றுக்கு நாற்பது. ஆறாவது வாரம் தொண்ணூற்று மூன்று. கோடு படிக்கட்டு மாதிரி ஏறியது. திங்கட்கிழமை மாலை அதை அச்செடுத்துச் சட்டம் போடாத குறையாக வைத்துக்கொண்டாள்.

ஒரே ஓர் ஆள் இடித்தாள். லோஷினி. ஆறு வாரத்தில் ஒரு பச்சைகூட இல்லை. சராசரியைக் கீழே இழுக்கும் அந்தப் பெண்ணைச் செவ்வாய்க்கிழமை லேபுக்கு வரச் சொன்னாள்.

லோஷினி காஹாங்கைச் சேர்ந்தவள். அவள் குடும்பம் உறுமி மேளக் குழு வைத்திருக்கிறது. திருவிழா வந்தால் வகுப்புக்கு வரமாட்டாள். வந்தால் உள்ளங்கையில் தழும்போடு வருவாள்.

"கோவிச்சுக்காத லோஷினி. உனக்கு ஏன் எல்லாமே சிவப்பா விழுது? போன் கெட்டுப்போச்சா?"

"போன் புதுசு மிஸ். தீவாளிக்கு வாங்குனது."

"அப்போ?"

"நான் சரியாத்தான் தட்டுறேன். உங்க புரோகிராம்தான் லேட்டா வருது."

"இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே மிஸ்! மூணாவது வாரம். நீங்க வைஃபை ஸ்லோன்னு சொல்லி என்னைய ஜன்னல் பக்கம் உக்கார வெச்சீங்க. வெயில்ல கறுத்ததுதான் மிச்சம்."

கெர்ட்ரூட் பாட்டைப் போட்டாள். லோஷினி கையை நீட்டித் தடுத்தாள். "பாட்டுக்காரம்மாவ கொஞ்சம் இறக்குங்க மிஸ். மிருதங்கம் மட்டும்."

மிருதங்கம் மட்டும் ஓடியது. லோஷினி மேசையில் விரலால் எண்ணினாள். "இங்க வருது பாருங்க, வருது, வருது... இந்தா!" மிருதங்கக்காரர் சின்னச் சின்னச் சொற்களாகக் கோத்துக்கொண்டு வந்து, அந்த இடத்தில் கனமாக இறங்கினார். அடுத்த சுற்றிலும் அங்கேதான் இறங்கினார். நான்காவது சுற்றில் கெர்ட்ரூட்டின் கையும் தானாக லோஷினியின் கையோடு சேர்ந்து விழுந்தது.

"இப்ப அம்மாவ ஏத்துங்க."

ஷாமளா டீச்சரின் குரலை ஏற்றினாள். கை விழுந்தது. அரை எண்ணிக்கை, ஒரு மூச்சு அளவு, ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் பாட்டின் முதல் சொல் எழுந்தது.

"அவங்க லேட்டாத்தான் மிஸ் ஏறுறாங்க. ஓடுற பஸ்ல ஏறுற மாதிரி. நான் பாட்டக் கேக்கல. எங்க வீட்ல எல்லாரும் மேளத் தோலத்தான் கேப்பாங்க."

கெர்ட்ரூட் உட்கார்ந்துவிட்டாள். ஒன்று எங்கே விழுகிறது என்று நிரலில் குறித்தது அவள்தான். குறிக்கும்போது ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. முதல் சொல் எங்கே தொடங்குகிறதோ அங்கே. இருபத்தைந்து வருடமாகச் சுவரில் ஸ்லைடு போட்ட கை வேறெங்கே குறிக்கும்?

ஷாமளா டீச்சருக்கு உடனே போன் போட்டாள். "டீச்சர், நம்ம பாட்டுல ஒண்ணு எங்க விழுது?"

"தாளம் ஆரம்பிக்கிற இடத்துலதாம்மா. எடுப்பு, அதான் பாட்டு தொடங்குற இடம், அரை இடம் தள்ளி வரும். ஏன், உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே!"

"எல்லாரும் அப்படித்தான் டீச்சர் நெனச்சிக்கிட்டு இருக்காங்க."

பதிவு செய்த நாளில் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: 'எட்டுதானே டீச்சர்?' 'ஆமா, எட்டுதான்.' மேலே கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று தெரிந்துவிடுமே என்ற பயம்.

லோஷினி போன பிறகு, குறியை அரை எண்ணிக்கை முன்னால் நகர்த்தி, ஆறு வாரத்துத் தட்டல்கள் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடச் சொன்னாள். திரையில் வந்ததைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள். முதல் வாரத்தில், யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காதபோது, ஒன்பது பேர் மிருதங்கத்தைக் கேட்டுப் பெரும்பாலும் சரியாகவே தட்டியிருந்தார்கள். சிவப்பு விழ விழ ஒவ்வொருவராகத் திருந்தியிருந்தார்கள். ஆறாவது வாரத்தில் சரியாகத் தட்டியது லோஷினி மட்டும். படிக்கட்டு மாதிரி ஏறிய அந்தக் கோடு, அவள் வகுப்பைத் தப்பான இடத்துக்கு எவ்வளவு கச்சிதமாகக் கூட்டிப்போனாள் என்பதற்கான சான்று.

கேண்டீனுக்கு இது இன்னும் போய்ச் சேரவில்லை என்பது மட்டுமே ஆறுதல்.

அவள் கணவன் லூயிஸ் சிங்கப்பூரில் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். எல்லைப் பாலம் கடந்து ஏழரைக்கு வீடு வந்து, சோற்றில் கைவைத்தபடி எல்லாவற்றையும் கேட்டான்.

"கமிட்டில மூணு பேரு. அதுல தாளம் தெரிஞ்சவங்க எத்தன பேரு?"

"யாருமில்ல."

"கோடு மேல போகுதா?"

"போகுது."

"அப்புறம் என்னா கெர்ட்டி? காட்டிட்டு வா. அடுத்த செமஸ்டரு சரி பண்ணிக்க."

"நீங்க லிப்ட்டு வேலையில அப்படிச் சொல்வீங்களா? மேல போற பட்டன அமுக்குனா கீழ போகுது, ஆனா ரொம்ப நல்லா போகுதுன்னு?"

லூயிஸ் மீன் துண்டிலிருந்து முள்ளை எடுத்துத் தட்டின் ஓரம் வைத்தான். "அப்படிச் சொன்னா," என்றான், "உள்ள நிக்கிறவன் திட்டுவான்."

"உள்ள நிக்கிறது இருபத்து மூணு பேரு."

"சரி, திட்டு வாங்கிக்க. ஆனா சிரிச்சிக்கிட்டே வாங்கு. அழுதா கமிட்டிக்காரங்க பயந்துருவாங்க."

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மூன்று பேர் வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஹேமநாதன், பாடத்திட்டப் பிரிவின் டாக்டர் ரோஹானா, பேனாவைத் திறந்தே வைத்திருந்த ஓர் இளைஞர். கெர்ட்ரூட் ஏறும் கோட்டைத் திரையில் போட்டாள். ஹேமநாதன் திருப்தியாகத் தலையசைத்தார். அங்கேயே நிறுத்தியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

"இது தப்பு," என்றாள் மலாயில். பிறகு தமிழில் ஒருமுறை. "பிள்ளைங்க தப்பு இல்ல. நான் சொல்லிக்கொடுத்தது தப்பு. முதல் வாரம் உங்கள்ல ஒன்பது பேர் சரியா தட்டுனீங்க. ஆறு வாரம் உக்கார வெச்சு, சிவப்பு காட்டிக் காட்டி, அதை நான்தான் கெடுத்தேன்."

கவின் என்கிற மாணவன், "அலமாக் மிஸ்! அப்போ என்னோட தொண்ணூத்தி எட்டு?" என்று தலையில் கை வைத்தான்.

"ரெண்டு."

அறையே சிரித்தது. கவினின் தோளை நான்கு பேர் தட்டினார்கள். லோஷினி ஜன்னலோரத்திலிருந்து எழுந்து, சபைக்கு வணக்கம் சொல்வதுபோல் நான்கு பக்கமும் கும்பிட்டாள். "மிஸ், மன்னிப்புக் கடுதாசி தமிழ்லயும் மலாய்லயும் வேணும். நோட்டீஸ் போர்டுல."

"தரேன். உக்காரு."

குரலை முழுவதும் இறக்கினாள். வயலினையும். தம்பூராவும் மிருதங்கமும் மட்டும் அறையில் நின்றன. திரையில் பச்சையும் சிவப்பும் வராதபடி அணைத்துவிட்டாள். "பாக்காதீங்க. கேளுங்க. கனமா எங்க இறங்குதோ அங்க கைய வைங்க." முதல் சுற்றில் கைகள் மழைத்துளி மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தன. பழகிய தப்பு விடவில்லை. ஐந்தாவது சுற்றில் பாதி அறை சேர்ந்தது. எட்டாவதில் இருபத்து மூன்று உள்ளங்கைகளும் மேசைகளில் ஒரே அடியாக விழுந்தன. அந்த அடி தனக்கு நெஞ்சில் பட்டதாகப் பிறகு கவின் சொன்னான்.

அப்போது ஷாமளா டீச்சரின் குரலை மெல்ல ஏற்றினாள்.

கை விழுந்தது. மூச்சு அளவு வெறுமை. குரல் எழுந்தது. ஆறு வாரமாகத் தினமும் கேட்ட அதே பாட்டுதான். ஆனால் முன்பு தரையில் நின்ற பாட்டு இப்போது தரையை உதைத்துக் குதித்த மாதிரி இருந்தது. "ஓ!" என்றது யாரோ. கெர்ட்ரூட்டுக்கும் அது முதல் தடவை மாதிரியே இருந்தது. வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள்.

டாக்டர் ரோஹானா தன் போனை நீட்டி, தானும் சேரலாமா என்று மலாயில் கேட்டார். கெர்ட்ரூட் சேர்த்துவிட்டு, பச்சையையும் சிவப்பையும் மறுபடி திரையில் ஓடவிட்டாள். முதல் நான்கு சுற்று அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த லோஷினி, "டாக்டர், பாடுறவங்கள நம்பாதீங்க," என்று மலாயில் காதோடு சொன்னாள். ஏழாவது சுற்றில் அவருக்குப் பச்சை விழுந்தது. சிறு பிள்ளை மாதிரி போனை உயர்த்திக் காட்டினார். பேனாக்காரர் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க முடியாத தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

வகுப்பு முடிந்ததும் ஹேமநாதன் வாசலில் நின்றார். "நம்பர் கேட்டேன். நம்பரைக் காட்டி, அதுவே தப்புன்னு சொல்லிட்டீங்க. இத நான் எந்தக் கட்டத்துல எழுதுறது? நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியல கெர்ட்ரூட். மூணு பேரும் பேசிட்டு நாலு மணிக்குக் கூப்பிடுறேன். இன்னைக்கே சொல்லணும், நாளைக்கு அடுத்த செமஸ்டர் பதிவு ஆரம்பம்."

முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. கணிதக்காரர் முகம்.

திரும்பி உள்ளே வந்தால் ஒருவரும் எழுந்து போயிருக்கவில்லை. "மிஸ், இன்னொரு பாட்டு போடுங்க," என்றான் கவின். "என் ரெண்டு மார்க்க நான் எப்படி வெச்சிக்கிட்டு வீட்டுக்குப் போறது?"

இன்னொன்று இருந்தது. காலையில்தான் ஷாமளா டீச்சர் அனுப்பியிருந்தார், புதிய பதிவு. கூடவே ஒரு வரி: 'இதுல எடுப்பு எங்கன்னு நீங்களே கண்டுபிடிங்க.' கெர்ட்ரூட் அதை ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை. எந்தக் குறியும் இல்லை. விடை தெரிந்தவர் இந்த அறையில் யாரும் இல்லை. போனை மேசை மேல் வைத்தாள். மணி மூன்று ஐம்பது.

"எனக்கும் தெரியாது," என்றாள். சொல்லிவிட்டுப் பார்த்தால், அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. "சேந்து தேடுவோம்."

இம்முறை பாட்டு முரண்டு பிடித்தது. மிருதங்கம் நேராக இறங்காமல் சுற்றி வளைத்துப் போனது. லோஷினியே இரண்டு தடவை விட்டுவிட்டு, "சே, இந்த மனுசன் ஏமாத்துறாரு," என்று பல்லைக் கடித்தாள். எண்ணிக்கையை யாராவது விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கெர்ட்ரூட் நடுவில் நின்று உள்ளங்கையும் விரலுமாகத் தாளத்தைப் போட்டாள். குரல் இல்லாதவளின் கை, பழகிய வேகம், தடுமாறவில்லை. இருபத்து மூன்று பேரும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றால் மறுபடி முதலிலிருந்து.

மேசையில் போன் நடுங்கியது. திரையில் ஹேமநாதன் பெயர்.

"மிஸ்! போன்!" என்றாள் லோஷினி, தட்டுவதை நிறுத்தாமல்.

கெர்ட்ரூட் பார்த்தாள். ஐந்து. கை விழுந்தது. ஆறு. உள்ளங்கை புரண்டது. போன் மேசை விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டே அதிர்ந்தது.

"வருது மிஸ், வருது, விட்டுறாதீங்க," என்றான் கவின்.

"ஏழு," என்றாள் உரக்க. போன் மறுபடி அதிர்ந்தது. ஒன்றில் விழுவதற்காக அவள் கையை உயர்த்தினாள்.